இரும்புக்குள் ஒரு பெயர்

1987ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று அமெரிக்காவில் வெளிவந்த ‘ரோபோகாப்’ என்னும் திரைப்படம், அன்று கொட்டகையில் பார்த்தவர்களோடு நின்றுவிடவில்லை. ஒளிநாடா, தொலைக்காட்சி, கைப்பேசி என வாகனம் மாறி மாறி, இன்று நம் வீட்டு நடுக்கூடத்திற்கே வந்து சேர்ந்துவிட்டது. “எந்திர மனிதன் படந்தானே, பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகட்டும்” என்று பெற்றோர் பலர் விட்டுவிடுகின்றனர். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சிறுவர்க்கு இப்படம் ஆகாது. அமெரிக்கத் திரைத்துறையின் தரச்சான்றுக் குழுவே இதன் கொடுமைக் காட்சிகளைக் கண்டு பலமுறை ‘எக்ஸ்’ முத்திரையிட்டது. வெட்டியும் ஒட்டியும் சுருக்கிய பிறகே ‘ஆர்’ சான்றிதழ் கிடைத்தது. அப்படிச் சுருக்கியதிலும் இரத்தத்திற்குக் குறைவில்லை.

ஆயினும் வளர்ந்தவர்கள், குறிப்பாக மில் சங்கின் ஒலியைக் கேட்டுப் பொழுதறிந்த நம் கோவைப் பகுதிக் குடும்பத்தினர், ஒருமுறையேனும் இதைக் குறித்துச் சிந்திப்பது நலம் என்பது நம் எண்ணம்.

மறைமாவட்டக் குடும்ப இதழுக்குச் சினிமாப் பேச்சு எதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கோவையில் அந்தக் கேள்வி எழ நியாயமில்லை. தென்னாட்டுக்குச் சினிமாவை ஊர் ஊராகச் சுமந்து சென்றவர் கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களுள் ஒன்று இயேசு பெருமானின் வாழ்க்கை. கூடாரமடித்து அதைக் காட்டிக் கொண்டே நாடெங்கும் சென்றார். பின்னர், 1914இல், கோவையில் அவர் எழுப்பிய ‘வெரைட்டி ஹால்’ கொட்டகையின் பெயரால்தான் அந்தச் சாலை இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என வழங்குகிறது. நம்மவர் வெண்திரையில் முதன்முதல் கண்டவற்றுள் பாடுபட்ட ஆண்டவரின் உருவமும் ஒன்று. அண்டையிலுள்ள சேலமும் இளைத்ததன்று. மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து 1952இல் எடுத்த ‘காடு’ படத்தில், யானைகளுக்கு உரோமப் போர்வை போர்த்தி ஆதிகால மாமதங்களாக நடமாட விட்டார்கள். ஆகவே அறிவியற் கற்பனைப் படம் கொங்கு நாட்டுக்குப் புதிய பண்டமன்று.

கதைக்கு வருவோம். களம் டெட்ராய்ட் நகரம். மோட்டார் வாகனத் தொழிலால் கொழித்து, ஆலைகள் அடைபட்டபின் இளைத்த ஊர். படத்தில் அந்நகரத்துக் காவல் துறையை ஒரு பெரிய கம்பெனி குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து மாளவில்லை என்று எந்திரக் காவலர்களை உருவாக்க முனைகிறது. முதலில் செய்த எந்திரத்தை இயக்குநர் குழுவின் அறைக்கே கொண்டுவந்து சோதித்துக் காட்டுகிறார்கள். இளம் அதிகாரி ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அதைக் கீழே போடச் சொல்கிறது எந்திரம். அவர் போட்டுவிடுகிறார். எந்திரத்துக்கு அது தெரியவில்லை. எண்ணிக் கொண்டே போய்ச் சுட்டுத் தள்ளுகிறது. மேசைமேல் பிணம் கிடக்கையில், கம்பெனியின் தலைவர் வருந்துவது எதற்காக? கட்டுமானம் தாமதமானால் வட்டியில் மட்டும் 5 கோடி டாலர் போய்விடுமே என்பதற்காக. இவ்விடத்தில் திரையரங்குகளில் சிரிப்பு எழுந்தது என்பர். சிரிப்பு நமக்கும் வந்தது; வந்தபின் கூசியது.

எந்திரம் தோற்றதும் போட்டி அதிகாரி ஒருவர் முந்திக் கொள்கிறார். முழு எந்திரம் வேண்டாம். மனிதனின் மூளையும் முகமும் இருக்கட்டும், மற்றவை எஃகாகட்டும் என்பது அவர் திட்டம். அதற்கு ஓர் உடல் வேண்டுமே! காவலர்களை ஆபத்து மிகுந்த நிலையங்களுக்கு மாற்றிவிட்டு, யாராவது விழுவாரா என்று காத்திருக்கிறார்கள். அப்படி மாற்றப்பட்டு வருகிறவர்தாம் அலெக்ஸ் மர்ஃபி. மனைவி, ஒரு மகன் உள்ள இளைஞர். கொள்ளைக் கூட்டத்தார் கையில் சிக்கி, முதலில் வலக்கையை இழந்து, பின் உடலெல்லாம் குண்டு பாய்ந்து சாகிறார்.

அடுத்து வரும் சிறு காட்சியைத்தான் நம்மால் மறக்க முடியவில்லை. கொலைக் காட்சியைவிட அது கொடியது; ஒரு சொட்டு இரத்தமும் இல்லாதது. இடக்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று தொழில்நுட்பத்தார் மகிழ்ச்சியோடு சொல்கின்றனர். அந்த அதிகாரிக்கு முகம் சுருங்குகிறது. முழு உடலும் செயற்கை என்பதல்லவா பேச்சு, கையை எடுத்துவிடுங்கள் என்கிறார். எடுத்துவிடுகிறார்கள். நல்ல கை, உயிருள்ள கை, மகனைத் தூக்கிய கை.

கோவைக்காரர்களாகிய நமக்கு இக்காட்சி வேறொன்றை நினைவூட்டியது. லேத்தும் பவர் பிரஸ்ஸும் விசைத்தறியும் கரும்பாலையும் நிறைந்த இக்கொங்கு மண்ணில் விரலையும் கையையும் எந்திரத்துக்குப் பறிகொடுத்தவர்கள் ஊருக்குச் சிலர் இருப்பார்கள். அதே மண்ணில்தான், 1978இல் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனை, துண்டான கையை மீண்டும் ஒட்டவைக்கும் நுண்ணறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பெற்று விளங்குகிறது. டாக்டர் எஸ். ராஜ சபாபதியும் அவர்தம் குழுவினரும் இத்துறையில் உலகறிந்தவர்கள். உருப்பெருக்கியின் கீழே மயிரிழை போன்ற நரம்பையும் இரத்தக் குழாயையும் ஒன்றோடொன்று தைக்க மணிக்கணக்காகக் குனிந்திருக்க வேண்டும். ஒரு கூலித் தொழிலாளியின் கைக்காக இப்படிக் குனிவதும், நலமான கையை ஒரு சொல்லில் வெட்டி எறிவதும் ஒரே மருத்துவ அறிவின் இரு முகங்கள்.

சொல்ல வந்த பேச்சு வேறாயினும், இதை இங்கே சொல்லாமற் போக மனமில்லை. எவருக்கேனும் உறுப்புத் துண்டானால், துண்டான பகுதியை நேரே பனிக்கட்டியிலோ தண்ணீரிலோ போடக்கூடாது. ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி உள்ள மற்றொரு பையில் வைத்து, காயம்பட்டவரோடு விரைந்து எடுத்துச் செல்ல வேண்டும். முழுக் கையாயின் ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கினால் நல்லது. பட்டறை வைத்திருக்கும் நம் வாசகர்கள் இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

கையை எடுக்கும்போது எவரேனும் மர்ஃபியின் சம்மதம் கேட்டார்களா? கேட்கவில்லை. வேலையில் சேர்ந்தபோதே தாளில் கையொப்பமிட்டிருக்கிறார். சட்டப்படி அவர் செத்தவர். நாம் எது வேண்டுமாயினும் செய்யலாம் என்று சட்டப்பிரிவின் துணையோடு பேசி முடித்து விடுகிறார்கள்.

கையொப்பமிட்ட தாள்! இந்தக் கொங்கு மண்ணில் அத்தகைய தாள்களை நாம் அறியாதவர்களா? ‘சுமங்கலித் திட்டம்’ என்றும் வேறு மங்கலப் பெயர்களாலும் வழங்கிய ஏற்பாட்டின்கீழ், ஏழை வீட்டு மணமாகாத பெண் பிள்ளைகள் தென் மாவட்டங்களிலிருந்தும் பிற வறண்ட பகுதிகளிலிருந்தும் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு அழைத்து வரப்பட்டனர். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் 30,000, 50,000 ரூபாய் என ஒரு தொகை. அது கலியாணத்துக்கு ஆகும் என்பது பேச்சு. பெற்றோர் கையொப்பமோ கைரேகையோ வைத்தனர். மூன்றாண்டு முடியுமுன் நோயுற்று வீடு திரும்பிய பிள்ளைக்கு அந்தத் தொகை கிடைக்காமற் போனதுண்டு. வெளியே செல்லத் தடை, இரவு ஷிப்ட், மிகை நேர வேலை ஆகியவற்றை 2011இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வமைப்புகள் இரண்டு விரிவாக எழுதி வெளியிட்ட பின்னர்தான் வெளிநாட்டு ஆடை வணிகர்கள் விழித்துக் கொண்டார்கள். எல்லா ஆலைகளும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளியும் குடும்பத்துக்கு வீடும் அளித்த ஆலைகளும் கோவையில் இருந்தன. ஆனால் ஒரு பெண்ணின் உடலுழைப்பையும் மூன்றாண்டு இளமையையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கொள்வதற்கும், அந்தப் படத்தில் வரும் தாளுக்கும் எவ்வளவு தொலைவு? நமக்கு அதிகத் தொலைவு தென்படவில்லை.

உடலைக் கொடுப்பது பாவம் என்பது நம் கருத்தன்று. தானாக மனமுவந்து தருவதைத் திருச்சபை போற்றுகிறது. உறுப்புக் கொடையை அன்பின் செயல் எனத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் எடுத்துரைத்தார். உறுப்புக் கொடையளித்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் எனத் தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. கொடுப்பவருக்குப் பெயர் உண்டு; குடும்பத்தார் அழுதுகொண்டே சம்மதம் தெரிவிக்கின்றனர். மர்ஃபியின் மனைவிக்கோ கணவர் செத்தார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நம் தமிழ்ப் படமான ‘எந்திரன்’ (2010) இதனோடு ஒப்பிடத் தக்கது. அதில் எந்திரம் மனிதனாக ஆசைப்படுகிறது. படைத்த விஞ்ஞானி அதைப் படைக்குத் தர விரும்புகிறார், உணர்வைப் புகட்டுகிறார், உணர்வு வந்ததும் அது காதல் கொண்டு கெடுகிறது. கடைசியில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் காட்சியில் கண்கலங்கியவர்கள் பலர். ‘ரோபோகாப்’ இதற்கு நேர் எதிர்த்திசையில் செல்கிறது. மனிதன் எந்திரமாக்கப்பட்டுத் திரும்பவும் மனிதனாக வழி தேடுகிறான். எந்திரம் மனிதனாகுமா என்ற கேள்வி சுவையானது. ஆனால் அது நாளைய கவலை. மனிதனை எந்திரமாக்கும் வேலை நெடுங்காலமாக நடந்து வருகிறது. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் எழுதியதும், 1981இல் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதியதும் இதனால்தான். வேலையின் மதிப்பு செய்த பொருளால் அன்று, செய்கிற ஆளால் அமைகிறது என்பது பின்னவர் தந்த விளக்கம். 2025 மே மாதம் திருத்தந்தையாகத் தேர்வு பெற்றவர் பதினான்காம் லியோ, அதாவது சிங்கராயர், என்னும் பெயரை ஏற்றதற்குக் காரணம் கூறுகையில், அந்தப் பழைய சுற்றுமடலையும் இன்றைய செயற்கை நுண்ணறிவையும் சேர்த்தே குறிப்பிட்டார்.

எஃகுக்குள் அடைபட்ட மர்ஃபிக்குத் தம் பெயர் தெரியாது. நினைவை அழித்துவிட்டார்கள். கட்டளைகள் சிலவற்றை மட்டும் எழுதியிருக்கிறார்கள். பிறகு அவரை அடையாளம் கண்டவர் யார்? உடன் பணிபுரிந்த ஆன் லூயிஸ் என்னும் பெண் காவலர். எதைக் கொண்டு கண்டார்? துப்பாக்கியை உறைக்குள் இடுமுன் விரலில் சுழற்றும் ஒரு சிறு பழக்கத்தைக் கொண்டு. தொலைக்காட்சித் தொடரில் வரும் வீரன் அப்படிச் சுழற்றுவான்; தகப்பனும் அப்படிச் செய்ய வேண்டும் என்று மகனுக்கு ஆசை; மகனுக்காக மர்ஃபி பழகிக் கொண்டார். மூளையைத் துடைத்தவர்களால் அந்த விரலசைவைத் துடைக்க முடியவில்லை. எம்மாவூஸ் ஊருக்குச் சென்ற சீடர் இருவர், வழியெல்லாம் உடன் நடந்தவரை அறியாதிருந்து, அப்பத்தைப் பிட்ட கையசைவில் அறிந்துகொண்டது நம் நினைவுக்கு வருகிறது.

பின்னர் அவர் தம் பழைய வீட்டுக்குப் போகிறார். விற்பனைக்கென்று காலியாக வைத்திருக்கிறார்கள். அறை அறையாக நடக்கையில், மனைவியும் மகனும் இருந்த பொழுதுகள் மின்னலாக வந்து போகின்றன. அவர்களை உணர முடிகிறது, நினைவுகூர முடியவில்லை என்று பின்னொரு காட்சியில் லூயிஸிடம் சொல்கிறார். படத்தின் உயிர்நிலை இதுவே. சுட்டுத் தள்ளும் காட்சிகளைப் பற்றிப் பேசுவோர் இதைச் சொல்வதில்லை.

படத்தை இயக்கிய பால் வெர்ஹோவன் நெதர்லாந்துக்காரர். கதையைச் சில பக்கம் படித்துவிட்டு, இது குப்பை என்று எறிந்துவிட்டாராம். மனைவி மார்ட்டின் எடுத்து முழுவதும் படித்து, இதற்குள் ஓர் ஆன்மா தொலைந்து தவிக்கிறது, பாருங்கள் என்று எடுத்துரைத்த பிறகே ஒப்புக்கொண்டார். (மனைவிமார் சொல்லுக்குச் செவிகொடுப்பதால் தொழிலிலும் இலாபம் உண்டு!) வேத நூல் ஆய்வில் ஈடுபாடுள்ள அவர், 2008இல் நாசரேத்து இயேசுவைப் பற்றி ஒரு நூலும் எழுதியிருக்கிறார். அந்நூலின் முடிவுகள் நம் விசுவாசத்தோடு ஒத்துப் போகிறவை அல்ல என்பதையும் சொல்லி வைக்கிறோம். மர்ஃபியின் கொலை ஒரு சிலுவைப்பாடு, எழுவது ஓர் உயிர்ப்பு என்றே தாம் அமைத்ததாகக் கூறியிருக்கிறார். இறுதியில் பாழடைந்த உருக்காலையின் தேங்கிய நீர்மேல் மர்ஃபி நடப்பதுபோல் தோன்றுவதும் அவர் வேண்டுமென்றே செய்தது.

இந்த உவமையை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. தண்ணீர்மேல் நடந்து வந்த கையில் துப்பாக்கி இருக்கிறது. ஒலிவத் தோட்டத்தில் வாளை உருவிய இராயப்பரை உறையிலிடச் சொன்னவர் நம் ஆண்டவர். இன்னொன்றும் உண்டு. உயிர்த்த இயேசு தம் காயங்களை மறைக்கவில்லை. தோமையாரை அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்தத் தழும்புகள்தாம் அவர் அவரே என்பதற்குச் சான்று. மர்ஃபியின் காயங்களையோ கம்பெனி துப்புரவாக எடுத்துவிட்டுப் பளபளக்கும் கவசத்தை மாட்டிவிட்டது. கவசத் தொப்பியைக் கழற்றித் தம் முகத்தைப் பார்க்கும் வரை அவருக்கு உயிர்ப்பு இல்லை என்றே நமக்குப் படுகிறது.

எழுதப்பட்ட கட்டளைகளைப் பற்றியும் ஒரு சொல். மக்கள் நம்பிக்கைக்குப் பணிசெய், குற்றமற்றோரைக் காப்பாற்று, சட்டத்தை நிலைநாட்டு என்பன மூன்று. நான்காவது மறைவானது. கம்பெனியின் உயர் அதிகாரியைக் கைது செய்ய முனைந்தால் உடல் செயலற்றுப் போகும். எந்திரத்தில்தான் இதை எழுத வேண்டும் என்பதில்லை. மனிதக் காவலர் பலருக்கும் அந்த நான்காம் கட்டளை எழுதாமலே மனப்பாடம். படத்தில் இம்முடிச்சு அவிழும் விதம் வேடிக்கையானது. குற்றவாளியான அதிகாரியை, முதலாளி எல்லார் முன்னிலையிலும் வேலையை விட்டு நீக்குகிறார். நீக்கிய நொடியே கட்டளை அவருக்குக் காப்பாக இல்லை. நீதி நிலைத்தது உண்மைதான். ஆனால் முதலாளி வாயைத் திறந்த பிறகல்லவா நிலைத்தது!

கேரளக் காவல் துறை 2019 பிப்ரவரியில் திருவனந்தபுரத்துத் தலைமையகத்தில் ஓர் எந்திரத்தை நிறுத்தி, அதற்கு உதவி ஆய்வாளர் தகுதியும் கொடுத்தது. வருவோரை வரவேற்பதே அதன் வேலையாதலால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. டெட்ராய்ட்டின் கதைதான் கனவாகப் போகவில்லை. படம் வெளிவந்து 26 ஆண்டு கழித்து, 2013 ஜூலை 18 அன்று, அந்நகராட்சி மெய்யாகவே நொடித்துப் போனதாக நீதிமன்றத்தில் மனுச் செய்தது. நம் ஊரிலும், 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நிறுத்திய தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளின் வாயிலில், எப்போது திறப்பார்கள் என்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்காக நின்றதைக் கண்டோம்.

படத்தின் கடைசிச் சொல் ஒரு பெயர். நன்றாகச் சுட்டாய், உன் பெயர் என்ன என்று முதலாளி கேட்க, புன்னகையோடு “மர்ஃபி” என்கிறார். திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில் குருவானவர் பெற்றோரிடம் முதலாவதாகக் கேட்பதும் பிள்ளைக்கு என்ன பெயர் என்பதையே. இன்று திருப்பூர்ப் பின்னலாடைச் சாலைகளிலும் கோவைப் பட்டறைகளிலும் ஒடிசா, ஜார்க்கண்டு, பீகார் மாநிலத்து இளைஞர்கள் திரளாக வேலை செய்கின்றனர். அவர்களுக்கு நம்மிடையே வழங்கும் பெயர் ‘ஹிந்திக்காரப் பசங்க’ என்பதே. ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருவோருள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கராயுள்ள பழங்குடி மக்களும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, மொழி புரியாமல் வெளியேறும் அந்தப் பையனும் ஜான் என்றோ அலெக்ஸ் என்றோ பெயர் பெற்றிருக்கக் கூடும். நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பங்கு இளைஞர் மன்றத்தார் இப்படத்தை வைத்துக் கலந்துரையாட விரும்பினால், 18 வயது நிரம்பியவர்களோடு நிறுத்திக் கொள்வது நல்லது. கொலைக் காட்சியைக் கடந்து, கையை எடுக்கும் காட்சி, வெறும் வீட்டுக் காட்சி, கவசத் தொப்பியைக் கழற்றும் காட்சி ஆகிய மூன்றை மட்டும் காட்டிப் பேசினாலும் போதும். 2014இல் வேறோர் இயக்குநர் இதே கதையை மீண்டும் எடுத்தார். அதில் இரத்தம் குறைவு, கூர்மையும் குறைவு. ஆயினும் அதில் வலக்கையை வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறார்கள். சம்மதக் கையொப்பத்தை மனைவியிடமே வாங்குகிறார்கள். கணவர் பிழைத்தால் போதும் என்று அழுதுகொண்டு நிற்பவரிடம் வாங்கும் கையொப்பம் சம்மதமாகுமா என்பதை, இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்து இளைஞர்களே வாதிட்டுப் பார்க்கட்டும்.